பிடித்த மீனுக்குக் கரையிலேயே பக்குவம் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்த வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மீன் சமையல் பக்கத்தைக் கைபேசியில் படித்தேன். ஐந்து செய்முறை கொடுத்திருந்தீர்கள். ஐந்தும் ‘மீன் அரை கிலோ’ என்றுதான் தொடங்குகின்றன. என்ன மீன், எந்தத் தண்ணீர் மீன், பிடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒன்றும் இல்லை. பக்கத்தின் அடியில் ‘எந்த மீனிலும் செய்யலாம்’ என்று ஒரு வரி வேறு. தானே தூண்டில் போட்டு, தானே அறுத்து, தானே சமைக்கிறவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறோம். எனக்கு அந்த ஒரு வரி பொறுக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 67. துணித் தொழிற்சாலையில் தையல் மிஷினில் 31 வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள். தூண்டில் பிடித்தது ஒன்பது வயதில், அப்பா கையைப் பார்த்து. எங்கள் பக்கம் தூண்டில் போடுகிற பெண்கள் அதிகம் இல்லை. ஆனால் கரையில் நிற்கிற அண்ணன்மார் யாரும் இதுவரை என்னை ஒதுங்கி நிற்கச் சொன்னதில்லை. ‘அக்கா, இன்றைக்கு மீன் எந்தப் பக்கம்?’ என்று என்னைத்தான் கேட்பார்கள்.

எங்கள் குடும்பத்துக்கு மீன் புதிது இல்லை. ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து இங்கே முதல் ஒப்பந்தக் கூலி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர் என் பூட்டன். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்ததும், டர்பன் விரிகுடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் வலை போட்டுப் பிழைத்த நம்மவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். தாத்தா காலத்தில் தீவு கைவிட்டுப் போயிற்று. அப்புறம் ஃபின்லண்ட்ஸ் கரை. அப்பா அங்கே கரைவலை இழுத்தார். 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அதுவும் போய், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களைச் சாட்ஸ்வொர்த் மேட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். வலைக்காரரைக் கடல் தெரியாத இடத்தில் வைத்தால் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பஸ் ஏறிப் போய்த் தூண்டில் போடுவார். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

சரி, மீனுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்த் தூண்டில்காரர்களிடம் எந்த மீன் பிடிக்கும் என்று கேளுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் ஷாட் என்பார்கள். கேப் டவுன் பக்கம் இதையே எல்ஃப் என்கிறார்கள், அமெரிக்காவில் புளூஃபிஷ். முதுகு பச்சை ஓடிய நீலம், வயிறு வெள்ளி, வாயில் ரம்பம் மாதிரிப் பல். வெறும் நைலானைக் கடித்துத் துண்டாக்கிவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுவோம். மத்தித் துண்டை மெல்லிய ரப்பர் நூலால் சுற்றி இரை வைப்போம். ஜூன், ஜூலையில் குளிர்ந்த நீரோடு மத்திக் கூட்டம் தெற்கேயிருந்து கரையோரமாக ஏறி வரும்போது அதைத் துரத்திக்கொண்டு ஷாட்டும் வரும். விடியற்காலை வெளுக்கிற நேரத்தில் ஒரு முக்கால் மணி நேரம், பொழுது சாய்கிறபோது இன்னொரு முக்கால் மணி நேரம். அதுதான் அதன் நேரம்.

இந்த மீனைத்தான் ‘சதை கொழகொழவென்று இருக்கிறது, வாடை அடிக்கிறது’ என்று குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தட்டில் விழுந்த மீன் அப்படித்தான் இருந்திருக்கும். ஷாட் எண்ணெய்ச் சத்துள்ள மீன், சதை மெத்தென்றிருக்கும், ரத்தம் அதிகம். பிடித்ததைச் சாக்கில் போட்டு வெயிலில் வைத்தால் பத்து மணிக்குள் கெட ஆரம்பித்துவிடும். பிறகு எவ்வளவு மசாலா தடவி என்ன பயன்?

அப்பா செய்தது இதுதான். மீன் மேலே வந்ததும் தலையில் குட்டையான கட்டையால் ஒரே அடி. அது துள்ளித் துள்ளிச் சாகக் கூடாது என்பார். உடனே செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பு வளைவு இருக்கும் இடத்தில் கத்தி முனையால் ஒரு கீறல். தலைகீழாகக் கடல் தண்ணீர் வாளியில் விடுவார். இரண்டு மூன்று நிமிஷத்தில் தண்ணீர் சிவந்துபோகும், செவுள் வெளுத்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, நடுமுள்ளோடு ஒட்டி ஓடுகிற கரும் ரத்தக் கோட்டைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டிக் கழுவுவார். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் மறுநாள் குழம்பில் கசப்பு தெரியும். அப்புறம் ஈரச் சாக்கு, நிழல். ஐஸ் வாங்க அப்போது காசு ஏது? ஏழு மணிக்கெல்லாம் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வீடு திரும்பிவிடுவோம். இன்னும் மீன் கடிக்கிறதே என்று நான் அழுதிருக்கிறேன். ‘பிடித்ததை முதலில் பார்’ என்பார்.

இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது 1996 ஜூலையில். என் வீட்டுக்காரர் ப்ளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் கலக்கிற இடத்தில், நான்கு நல்ல ஷாட் பிடித்தார். அன்று எனக்கு வேலை, கூடப் போகவில்லை. அவர் நண்பர்களோடு பேசிக்கொண்டு மத்தியானம்தான் வந்தார். மீன் காரின் பின்பெட்டியில் ஐஸ் இல்லாமல் கிடந்தது. மோந்து பார்த்தேன், கெட்ட வாடை இல்லை. கழுவிப் பொரித்தேன். பையனுக்கு ஒன்பது வயது. இரண்டு துண்டு தின்றுவிட்டு, ‘அம்மா, நாக்கு மிளகு மாதிரி எரிகிறது’ என்றான். நான் மிளகே போடவில்லை. அரை மணி நேரத்தில் அவன் முகமும் கழுத்தும் செங்கல் நிறமாகிவிட்டன. தலை வலிக்கிறது என்று படுத்தான். உடம்பெல்லாம் அரிப்பு. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மீன் ஒவ்வாமை என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வருஷம் அவன் மீனைத் தொடவில்லை. தூண்டில்காரர் பேரன் மீன் சாப்பிட மாட்டான் என்பது அப்பாவுக்கு எவ்வளவு வேதனை என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு மருந்துக்கடைக்காரர், அவரும் தூண்டில் போடுகிறவர், விவரமாகச் சொன்னார். ஷாட், கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒன்று இயல்பாகவே அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் அதிலுள்ள கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வாடை வருவதற்கு முன்பே இது நடந்துவிடலாம். ஒருமுறை உண்டாகிவிட்டால் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. ஒவ்வாமை மாதிரியே தெரியும், ஆனால் ஒவ்வாமை இல்லை. பையனுக்கு மீனால் கெடுதல் வரவில்லை, அந்த ஐந்து மணி நேர வெயிலால் வந்தது. மூன்றாம் வருஷம் நானே பிடித்து, நானே ரத்தம் வடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுவந்த ஷாட்டைப் பயந்து பயந்து ஒரு வாய் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு அவன் பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்கிறார்கள். ‘எந்த மீனிலும் செய்யலாம்’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தச் சிவந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் அதைத் தெரியாமல்தான் எழுதியிருப்பீர்கள். அடுத்த முறை இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது ஷாட்டைப் பொரிக்கிற விதம். என் ஆயா செய்தது, மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மீனைக் குறுக்கே இரண்டு விரல் கனத்துக்கு வெட்ட வேண்டும். தோலும் நடுமுள்ளும் இருந்தால்தான் துண்டு உடையாது. மிளகாய்த் தூள், மஞ்சள், சீரகத் தூள், அம்மியில் தட்டிய பூண்டு, உப்பு, ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தடவி இருபது நிமிஷம் போதும். வஞ்சரத்தை ஊற வைப்பதுபோல இரண்டு மணி நேரம் வைத்தால் புளியும் உப்பும் சேர்ந்து ஷாட்டின் மெல்லிய சதையை மாவாக்கிவிடும். இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் முதலில் ஒரு கொத்துக் கருவேப்பிலை, அது பொரிந்த வாசனையில் மீன். போட்டதும் கரண்டியால் கிண்டவே கூடாது. ஓரம் சிவந்து, துண்டு தானாகச் சட்டியை விட்டு விலகும். அப்போது ஒரே தடவை திருப்புங்கள். அவ்வளவுதான். ஆகஸ்டில் பிடிக்கிற மீனில் சினை இருக்கும். அதை உடையாமல் எடுத்து, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு, மூடி வைத்துப் பொரிக்க வேண்டும். மூடாவிட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

அடுத்தது சால்மன். இங்கே நாங்கள் சால்மன் என்று சொல்வது டப்பாவில் வருகிற ரோஸ் நிற மீன் இல்லை. வெளியூரில் இதை கோப் என்பார்கள். உங்கள் ஊர்க் கத்தாளை, பன்னா குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீன். ராத்திரியில், கலங்கல் தண்ணீரில் வரும். கரையிலிருந்து பிடித்தால் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், நாளைக்கு ஒருவருக்கு ஒன்றுதான். இதன் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருக்கும், பீங்கான் மாதிரி. நீந்தும்போது மீன் நிலை தடுமாறாமல் இருக்க நம் காதுக்குள் இருப்பது போன்றதுதான். அப்பா குழம்புத் தட்டிலிருந்து அந்தக் கல்லை எடுத்துக் கழுவி என் உள்ளங்கையில் வைப்பார். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் முப்பத்தெட்டுக் கல் வைத்திருக்கிறேன்.

சால்மனின் நடுத்துண்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், எனக்குத் தலை போதும். செவுளை முழுதாக நீக்கிவிட்டுத் தலையை நெடுக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, வெந்தயம், நிறையக் கருவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், வெங்காயம். பூண்டு ஒரு முழுக் கொத்து, உரித்து அப்படியே முழுசாக. நன்றாகப் பழுத்த தக்காளி ஐந்தாறு. எங்கள் டர்பன் மசாலா மிளகாய் தூக்கலாக இருக்கும், குழம்பு செங்காவி நிறத்தில் வரும். தேங்காய் கிடையாது. தக்காளி கரைந்து எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் புளி ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதித்த பிறகுதான் தலை உள்ளே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றி ஆட்டுங்கள். டிசம்பரில் வீட்டு மரத்து மாங்காய் இருந்தால் புளியைப் பாதியாகக் குறைத்து நான்கு துண்டு மாங்காய். அடுப்பை அணைத்துச் சாயங்காலம் வரை மூடி வையுங்கள். ஆயா இதைச் சோள நொய்ச் சோற்றோடுதான் சாப்பிடுவாள். தோட்டத்துக் காலத்துப் பழக்கம். நானும் தலைக் குழம்புக்கு மட்டும் சோள நொய்தான் வடிக்கிறேன். அரிசிச் சோற்றில் அந்தப் புளிப்பு இப்படி நிற்பதில்லை.

கழிமுகத்து கிரண்டர் இவை இரண்டுக்கும் நேர் எதிர். வெள்ளைச் சதை, உறுதியாக இருக்கும், இனிப்பு. சேற்று இறால் இரைக்குத்தான் வரும். தூக்கியதும் பன்றிக்குட்டி போல உறுமும், பெயரே அதனால் வந்ததுதான். இதற்கு மிளகாய்க் குழம்பு வைப்பது எனக்குப் பாவமாகப் படுகிறது. உப்பு, மஞ்சள், எலுமிச்சை, கொஞ்சம் நசுக்கிய பூண்டு, வயிற்றுக்குள் கொத்தமல்லி. வாழையிலையில் சுற்றிக் கரியடுப்பின் ஓரத்தில் வைத்தால் அரை மணியில் ஆகிவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகளையே மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆற்று முகத்தில் பிடித்த கிரண்டரை நான் சமைப்பதில்லை. தெளிந்த தண்ணீருக்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கிறது. அது பெரிய குறைதான்.

பாறைகளில் கிடைக்கிற கரன்டீன் கையளவு மீன், மஞ்சள் கோடு ஓடும். கடற்பாசி தின்கிற மீன் என்பதால் குடலைப் பாறையிலேயே எடுத்துவிட வேண்டும். வீடு வரை கொண்டுபோனால் பாசி நாற்றம் சதையில் ஏறிவிடும். உப்பும் மஞ்சளும் தடவி, முழுசாக, முள்ளே நொறுங்குகிற அளவுக்குப் பொரித்தால் போதும். கூட்டா என்று நாங்கள் சொல்வது உங்கள் வஞ்சரம்தான். படகு வைத்திருப்பவர்கள் கோடையில் பிடிக்கிறார்கள். அதற்குச் செய்முறை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷாட்டுக்கு இப்போது மூடிய காலம். அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கக் கூடாது, முட்டையிடுகிற நேரம். மற்ற மாதங்களிலும் நாளைக்கு நான்குதான், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும். தபாலாபீஸில் வாங்கிய அனுமதிச் சீட்டில் நாங்கள் பிடிக்கிற எந்த மீனையும் விற்கவும் கூடாது. இந்தச் சட்டத்தை நம் ஆட்களில் சிலர் முணுமுணுப்போடு பார்க்கிறார்கள். கடற்கரையில் நிறம் பார்த்துப் பலகை நட்டு எங்களைத் துரத்திய காலத்தை அனுபவித்தவர்கள் அவர்கள். பலகை என்றாலே கோபம் வருகிறது. எனக்கும் அந்தக் கோபம் தெரியும். ஆனால் இந்த விதியை நான் மனசாரக் கடைப்பிடிக்கிறேன். புரட்டாசி மாதம் முழுவதும் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் மீன் சட்டி பரண்மேல் ஏறிவிடும். ஒரு மாதம் பெருமாளுக்காக வாயைக் கட்டுகிற நமக்கு, முட்டை வைத்திருக்கிற மீனுக்காக இன்னும் ஒன்றரை மாதம் கட்ட முடியாதா? போன வாரம்கூட ஒருவர் வாசலில் வந்து, ‘அக்கா, ஷாட் இருக்கு, பத்து இருக்கு, எடுத்துக்கங்க’ என்றார். எல்லாம் ஒரு சாண்கூட இல்லாத குஞ்சு. வயிறு கலங்கிப்போயிற்று. வாங்காமல் அனுப்பினேன். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பது தெரியும், அதனால் ஒரு பை அரிசி கொடுத்து அனுப்பினேன். நாம் வாங்குவதை நிறுத்தினால்தான் அந்தக் குஞ்சுகள் கடலில் இருக்கும்.

உங்கள் சமையல் பக்கத்தில் மீன் வரும்போதெல்லாம் மீனின் பெயரைப் போடுங்கள். அது எந்த மாதத்து மீன் என்று போடுங்கள். பிடித்தவர் கரையில் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் தூண்டில் போடுகிறவர்கள் எங்களைவிட அதிகம் அறிந்தவர்கள். அவர்களைக் கேட்டு எழுதினால் நான் இங்கிருந்து ஒரு வரி விடாமல் படிப்பேன்.

டிசம்பர் 1 விடியற்காலை நான்கு மணிக்குப் பேத்தியை எழுப்பிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவளுக்கு ஒன்பது வயது. ஐஸ்கிரீம் டப்பா மூன்றில் தண்ணீர் ஊற்றி இப்போதே உறைய வைத்துவிட்டேன். அப்பாவின் கத்தியையும் தீட்டி வைத்திருக்கிறேன். செவுளில் எந்த இடத்தில் கீற வேண்டும் என்று அவளுக்கு முதல் மீனிலேயே காட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்